முருங்கைக்காயனும் புல்மோட்டை மணலும்

2021 ஒக்டோபரில் இந்தியாவில் இருந்து விமானம் மூலமாகக் கொழும்புக்கு நனோ நைட்ரஜன் திரவ உரம் கொண்டுவரப்பட்டது. அந்த வருடம் ஏப்பிரல், மே மாதங்களில் இரசாயன உர இறக்குமதியை இரவோடிரவாக நிறுத்திய அரசாங்கம், பெரும்போக விதைப்பு நெருங்கியதும் விவசாயிகளின் எதிர்ப்பைச் சமாளிக்க அவசர அவசரமாக வரவழைத்த உரம் அது. நவம்பரில் தடையே விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால், காலம் கடந்துவிட்டது. 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் அதற்கு முந்திய பெரும்போகத்துடன் ஒப்பிடும்போது மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதலாக வீழ்ச்சி கண்டது. அதற்குப் பிறகு நடந்தவற்றை உலகமே அறியும்.

அந்த விமானச் செய்தியைப் படித்தபோது எனக்கு வேறொரு செய்தி நினைவுக்கு வந்தது. நான்கு வருடங்களுக்கு முன்னர், 2017 இல், அமெரிக்க இரசாயனவியல் சங்கம் வெளியிடும் நனோ விஞ்ஞானச் சஞ்சிகையில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியாகியிருந்தது. யூரியாவை ஹைட்ரொக்சிஅபரைட் என்ற கல்சியம் பொஸ்பேற்றின் நுண்துணிக்கைகளுடன் பிணைத்து, வயலில் அது மெல்ல மெல்லக் கரையும்படி செய்தால், வழக்கமாக இடும் யூரியாவில் பாதியளவுடனேயே விளைச்சலைப் பேணலாம் என்று பரிசோதனை நெல்வயலில் காட்டிய கட்டுரை அது. அந்த ஆராய்ச்சியின் பிறப்பிடம் 2008 ஆம் ஆண்டில் அரசும் தனியார் கம்பனிகளும் கூட்டாக ஆரம்பித்த இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகமே. விமானத்தில் வந்த உரமும் இதுவும் ஒரே தொழில்நுட்பம் அல்ல என்பதைச் சொல்லிவிடவேண்டும். எனினும், உரத்தைக் குறைப்பது எவ்வாறு என்று வருடக்கணக்கில் சிந்தித்துக்கொண்டிருந்தவர்கள் சொந்த நாட்டிலேயே இருந்தார்கள். உரத்தை நிறுத்துவது என்ற தீர்மானமோ அவர்களின் விஞ்ஞானத்துடன் எந்தச் சம்பந்தமும் இன்றி எடுக்கப்பட்டது.

எனது மேசை லாச்சியில் விஞ்ஞான தொழில்நுட்பக் கொள்கை ஆவணங்கள் ஒரு கட்டு கிடக்கின்றன. முப்பது வருடப் பத்திரிகைத் தொழிலில் செய்தியாளர் மகாநாடுகளில் கையில் தரப்பட்டவை. அமைச்சர் மாறும்போது அட்டை மாறும். முன்னுரையில் சிங்கப்பூரின் பெயர் மாத்திரம் மாறுவதில்லை. ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்குமாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதம், ஒன்றரைச் சதவீதம் என்று இலக்குகள் எழுதப்பட்டிருக்கும். உண்மையில் செலவிடப்பட்டதோ இந்த நூற்றாண்டில் 0.1 சதவீதத்தைச் சுற்றியே நின்றது, 0.2 ஐக் கூட எட்டவில்லை. நாடு சிறியது, நிதி இல்லை, என்ன செய்வது என்ற விளக்கமும் கூடவே தரப்படும். செய்தியை எழுதிவிட்டு நாமும் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம்.

அந்த விளக்கம் சரியானதா என்று வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் சந்தேகமே எழுகிறது. ஏனென்றால், இதைவிட வறிய நிலையில் இருந்தபோது இதே சிறிய தீவு புத்தாக்கத்தில் வெற்றி கண்டிருக்கிறது.

1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பதைத் தோட்டத்துரைமார் கண்டார்கள். அது ஒரு பூஞ்சண நோய். அடுத்த பத்து வருடங்களில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கும் கூடுதலாகப் பரந்திருந்த கோப்பிப் பயிரை அது அரித்தது. 1880 இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கிலாந்தில் இருந்து அனுப்பப்பட்டார். இரண்டு வருடங்கள் தங்கியிருந்து பூஞ்சணத்தின் வாழ்க்கை வட்டத்தைத் தெளிவாக விளக்கிய அவரால் பரிகாரம் எதையும் கொடுக்க முடியவில்லை. கோப்பி அழிந்தது. தோட்டக்காரர்கள் சிங்கோனாவுக்குப் போனார்கள். அதன் விலை விழுந்ததும் தேயிலைக்குப் போனார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867 ஆம் ஆண்டிலேயே 19 ஏக்கரில் தேயிலை நட்டுவைத்திருந்தமை அவர்களின் அதிர்ஷ்டம். பேராதனைப் பூங்காவும் கன்றுகளையும் விதைகளையும் முன்கூட்டியே வைத்துக்கொண்டு காத்திருந்தது.

இந்தக் கதையைப் பலரும் டெய்லரின் தனிமனித சாதனையாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது அதற்குப் பின்னர் நடந்தது. ஒரு நோய் ஒரு பொருளாதாரத்தையே சாய்த்ததைக் கண்ட தோட்டத்துறை, ஆராய்ச்சிக்கு அரசாங்கத்தின் கையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கப்பட்டது. பின்னர் அது தலவாக்கலையில் நிலைகொண்டது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு இறாத்தல் தேயிலையின் மீதும் அறவிடப்பட்ட செஸ் வரியே அதன் வருமானம். இறப்பருக்கும் தெங்குக்கும் அதே வழி. பணம் கொடுத்தவன் பதிலையும் கேட்டான். எந்தக் கன்று வரட்சியைத் தாங்கும், கொப்புளக் கருகலுக்கு என்ன மருந்து என்ற கேள்விகளைக் கேட்டவர்கள் அமைச்சின் அதிகாரிகள் அல்ல, தோட்டத்தை நடத்தியவர்கள்.

மலையகத்து உறவுகளுக்கு 'வீ.பி. தேயிலை' என்றால் என்னவென்று நான் விளக்கத்தேவையில்லை. விதையில் இருந்து முளைத்த பழைய செடிக்குப் பதிலாக, தேர்ந்தெடுத்த தாய்ச்செடியின் தண்டில் இருந்து பெருக்கப்பட்ட கன்று அது. அந்த நிலையம் வெளியிட்ட அத்தகைய இனங்களைக் கொண்டே தென்பகுதியின் தாழ்நிலச் சிறுதோட்டக்காரர்கள் தேயிலைக்கு வந்தார்கள். இன்று நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு அவர்களுடையது. செஸ் வரி உண்மையில் யாருடைய முதுகில் சுமத்தப்பட்டது, கொழுந்து பறித்தவர்களுக்கு அந்த விஞ்ஞானத்தில் என்ன பங்கு கிடைத்தது என்பது வேறு கேள்வி. 1948 இல் அவர்களின் குடியுரிமையைப் பறித்த நாடு அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

அடுத்த வெற்றி நெல். பத்தலகொடையில் இருந்த நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 'முருங்கைக்காயன் 302' என்ற நமது பாரம்பரிய இனத்தை இந்தோனேசியாவின் 'மாஸ்' என்ற இனத்துடன் கலந்து எச்-4 என்ற நெல்லை உருவாக்கினார்கள். 1950 களின் பிற்பகுதியில் அது விவசாயிகளின் கைக்கு வந்தது. பிலிப்பைன்ஸில் இருந்து உலகப் புகழ்பெற்ற ஐ.ஆர்.8 வெளிவந்தது 1966 இல். அதாவது, பசுமைப் புரட்சி என்ற சொல்லே பிறக்காத காலத்தில் இலங்கை தன் வயலுக்கான விதையைத் தானே செய்து முடித்துவிட்டது. பின்னர் வந்த ஐ.ஆர்.8 எச்-4 ஐ இங்கு வெளியேற்றவும் இல்லை. 1940 களில் ஹெக்டயருக்கு ஒரு டொன்னைக் கூட எட்டாதிருந்த சராசரி விளைச்சல் இந்த நூற்றாண்டில் நான்கு டொன்னைத் தாண்டியதற்கு, எச்-4 உம் அதன் வழியில் வந்த பத்தலகொடை இனங்களுமே அடிப்படை.

விதை மாத்திரம் அதைச் சாதித்துவிடவில்லை. அரசாங்கத்தின் உத்தரவாத விலை இருந்தது. கிராமத்துக்குக் கிராமம் விவசாயப் போதனாசிரியர்கள் இருந்தார்கள். கமக்காரன் புதிய நெல்லை விதைத்துப் பார்க்கத் துணிந்தமைக்குக் காரணம், விளைந்ததை வாங்க ஒருவர் இருக்கிறார் என்ற நிச்சயம். ஆராய்ச்சியாளனுக்கும் தன் விதை பெட்டிக்குள் கிடக்காது என்பது தெரிந்திருந்தது. கொள்கை ஆவணம் என்று எதையும் எவரும் அச்சிட்டதாகத் தெரியவில்லை.

கைத்தொழிலில் கதை வேறு. 1951 இல் இலங்கை வந்த உலக வங்கித் தூதுக்குழுவின் சிபாரிசை அடுத்து, 1955 இல் இலங்கை விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவகம் ஆரம்பமானது. சுதந்திரம் பெற்று ஏழே வருடங்கள் ஆன ஒரு நாட்டுக்கு அது துணிச்சலான முயற்சி. ஆனால், யாருக்காக ஆராய்வது என்ற கேள்வி முதல் நாளில் இருந்தே அதைத் தொடர்ந்தது. 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அரச கைத்தொழில் கூட்டுத்தாபனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. ஒருவலையில் இரும்புத் தொழிற்சாலை, களனியில் டயர்த் தொழிற்சாலை என்று சோவியத் உதவியுடன் வந்தவை இயந்திரம், வரைபடம், நிபுணர் எல்லாவற்றையும் கூடவே கொண்டுவந்தன. உள்ளூர் ஆய்வுகூடத்தின் கதவைத் தட்டவேண்டிய தேவை அவற்றுக்குப் பெரிதாக இருக்கவில்லை. போட்டி இல்லாத சந்தையில் எதை உற்பத்தி செய்தாலும் விற்றுவிடும்போது புதிதாகச் சிந்திக்கவேண்டிய அவசியம் எங்கிருந்து வரும்?

அந்தக் காலத்திலும் விதிவிலக்குகள் இருந்தன. பொறியியலாளர் ஏ.என்.எஸ். குலசிங்க அரச பொறியியல் கூட்டுத்தாபனத்தில் முன்தகைப்புக் கொங்கிரீட்டை வைத்துச் செய்தவை இன்றும் கொழும்பில் நிற்கின்றன. 1974 இல் அவர் தொடக்கிவைத்த தேசிய பொறியியல் ஆராய்ச்சி, அபிவிருத்தி நிலையத்தின் செலவு குறைந்த கொங்கிரீட் தள முறையைச் சாதாரண வீடு கட்டுபவரும் அறிவார். அவரால் முடிந்ததற்குக் காரணம் எளிமையானது. ஆராய்பவரும் கட்டுபவரும் ஒருவராகவே இருந்தார்.

1977 இல் கதவுகள் திறந்தன. பாதுகாப்பில் வளர்ந்த தொழிற்சாலைகள் இறக்குமதியின் முன்னால் நிற்க முடியாமல் மூடப்பட்டன. ஆராய்ச்சி நிறுவகத்தின் வேலையில் பெரும்பகுதி மாதிரிகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுப்பதாகச் சுருங்கியது. அதற்குப் பிறகு நாம் கண்டது பெயர் மாற்றங்களையே. 1968 இல் தேசிய விஞ்ஞானப் பேரவை என்று பிறந்தது 1981 இல் இயற்கை வளங்கள், சக்தி, விஞ்ஞான அதிகாரசபை ஆனது. 1998 இல் தேசிய விஞ்ஞான மன்றம் ஆனது. 1955 ஆம் ஆண்டு நிறுவகமும் அதே 1998 இல் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் என்று பெயர் மாறியது. இந்த மாற்றங்களுக்கான சட்டம் 1994 இல் ஓர் அரசாங்கம் நிறைவேற்றியது. நான்கு வருடங்கள் கழித்து வேறோர் அரசாங்கத்தின் கீழ் நடைமுறைக்கு வந்தது. 2019 இல் தேசிய புத்தாக்க முகவரகத்துக்கு ஒரு சட்டம். பெரிய நாடொன்றில் ஒரு நிறுவனம் தடுமாறினால் இன்னொன்று தொடரும். இங்கு இருப்பதே ஒன்று. அதன் பெயர்ப்பலகையை மாற்றி, சபையை மாற்றி, தலைவரை மாற்றி முடிப்பதற்குள் ஒரு தேர்தல் வந்துவிடும்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பைப் பற்றி அந்த ஆவணங்கள் எதிலும் மனம்திறந்து எழுதப்பட்டதை நான் காணவில்லை. சிறிய நாட்டில் ஒவ்வொரு துறையும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரில் தங்கியிருக்கிறது. இலங்கையில் ஆராய்ச்சியாளர்களின் எண்ணிக்கை பத்து இலட்சம் மக்களுக்கு ஏறக்குறைய நூறு பேர்தான். ஐந்து பேர் விமானம் ஏறினால் ஒரு துறை மூடப்படும். அவர்களை விமானம் ஏறச்செய்வதையே நமது அரசியல் அரை நூற்றாண்டாகச் செய்துவந்தது.

கணிதப் பேராசிரியர் சி.ஜே. எலியேசர், தனிச்சிங்களச் சட்டம் வந்து மூன்று வருடங்களில், 1959 இல், மலாயாவுக்குச் சென்றார். பின்னர் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். 1971 இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ் மாணவருக்கு 250 புள்ளிகளும் சிங்கள மாணவருக்கு 227 புள்ளிகளும் தேவை என்ற தரப்படுத்தல் வந்தது. அந்த 23 புள்ளிகள் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதைப் பற்றி அரசியல் கட்டுரைகள் ஏராளமாக வந்துவிட்டன. அந்தப் புள்ளிகளால் வெளியே தள்ளப்பட்டவர்கள் பின்னர் லண்டனிலும் டொரொன்டோவிலும் சிட்னியிலும் எத்தனை ஆய்வுகூடங்களில் வேலைசெய்தார்கள் என்பதை எந்தத் திட்டமிடல் அமைச்சும் கணக்கெடுக்கவில்லை. இதை வாசிப்பவர்களில் சிலர் அந்தக் கணக்கில் வருபவர்களாக இருக்கலாம். 1983 க்குப் பிறகு போனவர்கள் தமிழர்கள் மட்டும் அல்ல. தெற்கில் 1980 களின் இறுதியில் நடந்தவை சிங்கள இளைஞர்களில் கெட்டிக்காரர் பலரையும் வெளியேற்றின.

போகாதவர்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான் கலைப்பீட மாணவனாக இருந்த நாட்களில் துணைவேந்தராக இருந்தவர் பேராசிரியர் அழகையா துரைராஜா. பொருளாதாரத் தடையால் எரிபொருள் இல்லாத அந்த நாட்களில் அவரும் எங்களைப்போலச் சைக்கிளிலேயே வருவார். அவர் 1963 இல் கேம்பிரிட்ஜ் அறிஞர்களான ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து களிமண்ணின் நடத்தை பற்றி எழுதிய கட்டுரை, மண் பொறியியலைப் படிக்கும் எவரும் தவிர்க்கமுடியாத ஒன்று என்பதைப் பல வருடங்கள் கழித்து ஒரு பொறியியலாள நண்பர் சொல்லித்தான் அறிந்துகொண்டேன். 1994 இல் அவர் காலமானார். உலகத்தரத்திலான ஒரு மண்ணியல் நிபுணர் தனது கடைசி வருடங்களைக் குண்டுவீச்சுக்கு நடுவே ஒரு பல்கலைக்கழகத்தைத் திறந்து வைத்திருப்பதிலேயே செலவிட நேர்ந்தது.

சிறிய நாடுகளால் முடியாது என்பவர்களுக்குப் பின்லாந்தைக் காட்டுவது வழக்கம். அங்குள்ள சனத்தொகை ஐம்பத்தைந்து இலட்சம், நமதில் கால்வாசி. 1987 இல் பிரதமரின் தலைமையில் விஞ்ஞான தொழில்நுட்பக் கொள்கைப் பேரவையை அமைத்தார்கள். 1990 களின் ஆரம்பத்தில் கடுமையான பொருளாதார வீழ்ச்சி வந்தபோதும் ஆராய்ச்சிச் செலவைக் கைவிடவில்லை. தசாப்தத்தின் முடிவில் அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் மூன்று சதவீதத்தைத் தாண்டியது. நமது அமைச்சர்கள் இந்த மூன்று சதவீதத்தை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். நொக்கியா 1865 இல் ஒரு மரக்கூழ் ஆலையாக ஆரம்பித்ததையும், பிறகு இறப்பர்ச் செருப்பும் மின்கம்பியும் செய்ததையும், அந்த மின்கம்பிக் கம்பனியின் ஒரு மூலையில் 1960 களில் தொடங்கிய இலத்திரனியல் பிரிவே பின்னாளில் தொலைபேசிக்கு வழிவகுத்ததையும் சொல்வதில்லை. அங்கும் மரம் வெட்டியவனின் தேவையில் இருந்தே எல்லாம் தொடங்கியது. நம்மிடமும் கொழும்பில் வோக்கர் கம்பனி போன்றவை கோப்பி, தேயிலை இயந்திரங்களைச் செய்தன. அந்தப் பட்டறைகளில் இருந்து அடுத்த படிக்கு ஏற எவரும் ஏணி வைக்கவில்லை. ஏணி வைக்கப்படாமலேயே ஏறியவர்களும் உண்டு. இலங்கை திண்ம டயர் ஏற்றுமதியில் உலகின் முன்வரிசைக்கு வந்தது 1980 களில் தொடங்கிய தனியார் முயற்சியால். களனியில் அரசு நடத்திய டயர்த் தொழிற்சாலையில் இருந்து அது வரவில்லை.

வடக்கு, கிழக்கில் இந்தக் கதைக்கு இன்னொரு கிளை உண்டு. ஆனையிறவு உப்பை அருகில் வைத்துக்கொண்டு காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வைக்கோலில் இருந்து கடதாசி செய்த வாழைச்சேனை ஆலை, காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை மூன்றும் உள்ளூர் மூலப்பொருளில் எழுந்தவை. ஒரு நாட்டின் இரசாயனக் கைத்தொழில் இப்படித்தான், உப்பில் இருந்தும் சுண்ணாம்புக் கல்லில் இருந்தும் தொடங்கும். பரந்தனும் காங்கேசன்துறையும் போரில் மூடுண்டன. போர் 2009 இல் முடிந்த பிறகும் அவற்றின் இடிபாடுகள் நெடுங்காலம் அப்படியே நின்றன.

புல்மோட்டை மட்டும் நிற்கவில்லை. திருகோணமலைக்கு வடக்கே அந்தக் கரையில் கறுப்பு மணல் கிடக்கிறது. அதில் இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் ஆகியன உண்டு. கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957 இல் அமைக்கப்பட்டது. அன்றில் இருந்து அந்த மணலைக் கழுவிப் பிரித்துக் கப்பலில் ஏற்றியதுதான் பெரும்பாலும் நடந்தது. இல்மனைட்டில் இருந்து ரைற்றேனியம் டைஒக்சைட் என்ற வெண்ணிறமியை இங்கேயே செய்யவேண்டும் என்ற பேச்சை நான் செய்தியாளனாகச் சேர்ந்த காலத்திலும் கேட்டேன், ஓய்வுபெறும் வயதை நெருங்கும்போதும் கேட்கிறேன். நனோ தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆராய்ச்சிப் பட்டியலிலும் அது இருந்தது. ஆய்வுகூடத்தில் செய்து காட்டுவதற்கும் தொழிற்சாலை கட்டுவதற்கும் இடையே அமிலக் கழிவு, மின்சாரக் கட்டணம், முதலீடு என்று பல தடைகள் உண்டு என்பது உண்மையே. அவற்றைக் கடப்பதற்கு ஓர் அரசாங்கத்தின் ஆயுட்காலம் போதாது. பத்தலகொடை நெல்லுக்கு ஒரு தலைமுறை தேவைப்பட்டது. மணலுக்கு அந்தத் தலைமுறையை எவரும் கொடுக்கவில்லை. 1997 இல் புல்மோட்டைக் கடலில் கனிய மணல் ஏற்றிக்கொண்டிருந்த கப்பல் விடுதலைப் புலிகளின் தாக்குதலுக்கு உள்ளானபோது, நாங்கள் எழுதிய செய்திகளில் இழப்புகளின் எண்ணிக்கை இருந்தது. அந்த மணல் ஏன் மணலாகவே போகிறது என்ற கேள்வி இருக்கவில்லை. அதில் எனக்கும் பங்குண்டு.

2022 இல் டொலரின் பெறுமதி 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவைத் தாண்டிய மாதங்களில், மழையில் ஊறிப்போன வீட்டுச் சுவர் ஒன்றுக்கு வெள்ளை அடிப்பதற்காக வெள்ளவத்தையில் ஒரு வன்பொருள் கடைக்குப் போனேன். ஒரு வாளிப் பெயின்றின் விலையைக் கேட்டுத் திகைத்து நின்றபோது, கடைக்காரத் தம்பி ஆறுதலாகச் சொன்னார்: "என்ன செய்யிறது ஐயா, வெள்ளை நிறம் வெளியிலை இருந்துதானே வரவேணும்."